கந்தகம் தொட்ட கை

பேராசிரியர் தில்லைநாயகத்தின் பெயரில் முந்நூறு ஆய்வுக் கட்டுரைகள் உண்டு. ஆய்வகத்துக்குள் அவர் கடைசியாகக் காலெடுத்து வைத்துத்தான் இருபது வருஷமாகிறது.

அவருடைய மாணவி பூங்கோதை புதிய கந்தகச் சேர்மம் ஒன்றைத் தயாரித்தாள். கட்டுரையில் அவள் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டார். பட்டமே போய்விடுமென்று அவள் விசாரணைக் குழுவிடம் போனாள்.

"நேற்றுகூட நானேதான் தயாரித்தேன். இவள் செய்ததற்குச் சாட்சி உண்டா?" என்றார், ஜவ்வாது மணக்க.

"என் கைதான் சார் சாட்சி," என்றாள் பூங்கோதை. "இதைத் தொட்டா அழுகின முட்டை நாத்தம் ஒரு வாரத்துக்கு எந்த சோப்புக்கும் போகாது. பஸ்ல என் பக்கத்துல யாரும் உட்கார்றதில்ல. ரெண்டு பேர் கையையும் மோந்து பாருங்க."

அவள் நுழைந்ததுமே ஜன்னலைத் திறந்துவிட்டிருந்த குழுத்தலைவர், இப்போது பேராசிரியர் பக்கம் குனிந்தார். முந்நூறு கட்டுரை எழுதிய கை மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.