வாடை அடிக்குது சார்

பாம்பன் தீவு விடுதிக்குப் பட்டணத்திலிருந்து புதிதாய் வந்த மேனேஜர் ரகோத்தமன் உறுமினார்: "விருந்தாளிங்க முங்கி மீன் பார்க்கணும். வடக்குக் கரைக்குப் படகை விடு, இல்லேன்னா வேலையை விடு!"

"வாடை அடிக்குது சார்," என்றான் படகோட்டி இன்னாசி. அவன் சொன்னது வடகாற்றை. அதில் வடக்குக் கடல் சேறாய்க் கலங்கிக் கிடந்தது.

மேனேஜர் விருட்டென்று உள்ளே போய்க் குளித்து, சென்ட் அடித்துக்கொண்டு வந்தார். இந்நேரத்தில் எதற்குக் குளியல் என்று இன்னாசி குழம்பினான்.

"இப்போ?"

"இப்பவும் அடிக்குது. தை முடியிறவரைக்கும் அடிக்கும்."

மேனேஜர் பதறிப்போய் அக்குளை முகர்ந்தார். இன்னாசிக்கு விளங்கிவிட்டது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "தெற்குக் கரையில அடிக்காது சார்," என்றான்.

"அங்கேயே விடுடா!"

தெற்கே தண்ணீர் கண்ணாடியாய்க் கிடந்தது. மீன்களைக் கண்டு எல்லோரும் துள்ளினார்கள். மேனேஜர் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் கேட்டார்: "இப்போ அடிக்கலையே?"