சூடு ஆறாத சாமி

தணிகாசலம் மடத்துக்குள் நுழையும்போதே கோபமாகத்தான் நுழைந்தார்.

கடற்படைப் பொறியாளர். நீர்மூழ்கிக் கப்பல்களின் அணு உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளை வெளியே எடுத்து, வருஷக்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்து, பிறகு கனத்த இரும்புப் பீப்பாய்களில் அடைத்து ரயிலேற்றி, மலையடிவாரத்துக் கிடங்கில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் பொறுப்பு. வழியில் ஒரு பிசகு வராமல் பார்த்துக்கொண்ட மனிதர், கிடங்கைச் சுற்றியிருந்த ஜனங்களிடம் தோற்றுப்போனார்.

மடத்தின் தலைவி மங்கையர்க்கரசி அம்மை அவரைவிட வயதில் இளையவர். ஆனால் அம்மையிடம் உபதேசம் பெற்றவர் தணிகாசலம்தான். அம்மை கொல்லையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன, முகம் கடுகடுன்னு இருக்கு?"

"அம்மா, அந்த ஊர்க்காரங்க என் கிடங்கைக் கும்பிடுறாங்க."

அம்மையின் கை நின்றது.

நடந்தது இதுதான். தீர்ந்த எரிபொருள் என்று பெயரே தவிர, அதன் சூடு லேசில் தணிவதில்லை. மார்கழியில் ஊரே பனியில் நனைந்து கிடக்க, கிடங்கின் கூரை மட்டும் உலர்ந்து கிடந்தது. வேலிக்கு வெளியே ஆடு மேய்த்தவர்கள் அதைப் பார்த்தார்கள். உள்ளே உயிருள்ள சாமி இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். தணிகாசலம் அலறியடித்துக்கொண்டு போய், மண்டையோட்டுப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை வைத்தார். மறுவாரமே மண்டையோட்டுக்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சை மாலையும் சாத்திவிட்டார்கள். காவலாளியைத் திட்டலாம் என்று போனால், அவன் நெற்றி நிறைய விபூதியோடு நிற்கிறான். மனுஷனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"உள்ளே என்ன இருக்குன்னு சொல்லலையா?"

"தொண்டைத் தண்ணி வத்தச் சொன்னேம்மா. படம் போட்டுக் காட்டினேன். 'அப்படிங்களா சார்'னு கேட்டுக்கிறாங்க. நான் இந்தப் பக்கம் திரும்பினா அந்தப் பக்கம் கற்பூரம்! இப்ப பிள்ளைங்களை வேலிக்கு அடியில நுழைய விட்டு, சுவரைத் தொட்டுட்டு வரச் சொல்றாங்க. அடுத்த வாரம் இன்னும் பீப்பாய் வருது. இறக்கும்போது ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்தா..."

கோபத்துக்கு அடியில் இருந்தது பயம்தான்.

"என்கிட்ட என்ன எதிர்பார்க்கிறீங்க?"

"நீங்க ஒரு தடவை வந்து, ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். உள்ளே இருக்கிறது உக்கிரமான சாமி, கிட்டப் போனா வம்சமே அழிஞ்சிடும்னு. நான் சொன்னா யார் மதிக்கிறா? நீங்க சொன்னா கேட்பாங்க."

"பொய் சொல்லச் சொல்றீங்க."

"உயிரைக் காப்பாத்துற பொய்தானே அம்மா!"

அம்மை கையை உதறிவிட்டு எழுந்தார்.

"வாங்க."

மடத்துக்குப் பின்னால் ஒரு பழைய கிணறு. அதன் வாயைப் புதிதாகச் சிமெண்டுப் பலகை போட்டு மூடியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு சூலம். பலகையின்மேல் பாய் விரித்து ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. குழந்தைக்கு முதல் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எந்தச் சாமிம்மா இது?" என்று கேட்டார் அம்மை.

"கிணத்து முனி. எங்களுக்குக் குலசாமி" என்றாள் குழந்தையின் தாய்.

"உள்ளே விஷக்காத்து இருக்குன்னு சொன்னேனே."

"சொன்னீங்கம்மா."

"பயமா இல்லையா?"

அந்தப் பெண் சிரித்தாள். "எங்க சாமிகிட்ட எங்களுக்கென்னம்மா பயம்?"

அம்மை தணிகாசலத்தைத் தள்ளி அழைத்துப் போனார்.

"ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கிணத்துல இறங்கின ஒருத்தன் மூச்சுமுட்டிச் செத்தான். அப்ப மடத்துல இருந்த குரு, காத்துல விஷம்னு சொல்லிப் பார்த்தார். யாரும் காதுல போட்டுக்கலை. நல்ல மனுஷர். அலுத்துப்போய், உள்ளே முனி இருக்கு, யாரும் கிட்ட வராதீங்கன்னு சொல்லிட்டார்."

"வராம இருந்தாங்களா?"

"அவங்க வரலை. அவங்க பேரன்மாருங்க பொங்கப் பானையோட வந்தாங்க."

தணிகாசலம் திரும்பிச் சூலத்தைப் பார்த்தார்.

"போன ஆனியில முனியோட தீர்த்தம் வேணும்னு பழைய மூடியைத் திறந்து ரெண்டு பேர் இறங்கினாங்க. நான் ஓடி வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. முனி பிரியப்பட்டு எடுத்துக்கிட்டாருன்னு ஊர்ல பேசிக்கிறாங்க."

தணிகாசலம் பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். அவர் கண் அந்தக் குழந்தையை விட்டு நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் பழைய எரிச்சல் திரும்பவும் தலைக்கேறியது.

"சரிம்மா, நான் என்னதான் செய்யட்டும்? உண்மையை எத்தனை தடவைதான் சொல்றது? சொல்லிச் சொல்லி எனக்கே சலிச்சுப்போச்சு!"

"அந்தப் பீப்பாய்க்குள்ள இருக்கிறதால எவ்வளவு காலத்துக்கு ஆபத்து?"

தெரிந்த கணக்குதான். விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

"நம்ம பேரன், அவனுக்குப் பேரன்... அதுக்கெல்லாம் அப்பால. பல்லாயிரம் வருஷம்."

"அதுவரைக்கும் சொல்லணும்" என்றார் அம்மை.