எதிரே உயர்ந்த விரல்

ஆஸ்திரேலியாவில், கோதுமை வயல்களுக்கு நடுவே வளைவே இல்லாத ஒரு சாலையில், ஒரு நாள் ஒரு சைக்கிள் எதிர்காற்றில் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவள் அல்லி, மதுரையிலிருந்து அங்கே படிக்கப் போனவள். கூட யாரும் இல்லை. சைக்கிளில் இருந்த மணி, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி, தண்ணீர் பாட்டில், இவைதான் துணை. மூன்றும் பேசும். மணி நிறையவே பேசும். அது மட்டும் மதுரை. அங்கே கல்லூரிக்கு ஓட்டிய சைக்கிளிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தது.

காலையிலிருந்தே மணிக்குக் கோபம். எதிரே வந்த ஒவ்வொரு வண்டியிலும், ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்திவிட்டுப் போனார்.

"பாருங்க, மறுபடியும்!" என்றது மணி. "இந்த விரலை எனக்கு நல்லாத் தெரியும். 'பொம்பளப் பிள்ளை தனியாவா போற?'ன்னு பெரியப்பா நீட்டினது. ஹாஸ்டல் கேட்டைப் பூட்டிட்டு வார்டன் நீட்டினது. கடல் தாண்டி வந்தாலும் விடாது போல!"

அல்லி ஒவ்வொரு விரலுக்கும் மணியை அடித்துப் பதில் சொன்னாள்.

"மணியக்கா, பின்னாடி வர்ற லாரியெல்லாம் நம்மைத் தாண்டும்போது அந்த ஓரம் வரைக்கும் ஒதுங்கித்தான் போகுது" என்றது கண்ணாடி. "மிரட்டுறவன் ஒதுங்குவானா?"

"நான் விரலைப் பத்திப் பேசுறேன், நீ லாரியைப் பத்திப் பேசுற. விஷயத்துக்கு வா."

"சண்டையை அப்புறம் வெச்சுக்கங்க" என்றது பாட்டில். "எனக்குள்ள ஒரு மடக்குதான் இருக்கு."

மதியம் நிரப்பிக்கொள்ளலாம் என்று நம்பி வந்த சாலையோரத் தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடந்தது. காற்றோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. அடுத்த ஊர் கண்ணுக்கே தெரியவில்லை.

"ஒரு வண்டியை நிறுத்திக் கேளுங்களேன்" என்று பாட்டில் கெஞ்சியது.

"விரல் காட்டினவங்ககிட்டயா? தண்ணி ஒரு டம்ளர் குடுத்தா புத்திமதி ஒரு குடம் ஊத்துவாங்க!"

அல்லிக்கும் அது சரியாகத்தான் பட்டது. கடைசி மடக்கையும் குடித்தாள். பாட்டில் அதற்குமேல் பேசவில்லை. கொஞ்ச தூரத்தில் அவளுக்குக் கால் இழுத்தது. தலை லேசாகச் சுற்றியது.

அப்போது எதிரே ஒரு பழைய பிக்கப் வந்தது. அதிலும் விரல் உயர்ந்தது.

"போதும்!" என்று மணி கத்தியது. நிறுத்தாமல் கத்தியது.

"அக்கா, வண்டி நிக்குது" என்றது கண்ணாடி. "ஐயோ, ரிவர்ஸ்ல வருது!"

"வ... வரட்டும்" என்றது மணி.

வெயிலில் சிவந்த முகத்தோடு ஒரு அம்மாள் இறங்கினாள். பெயர் டோரீன். ஆட்டுப் பண்ணைக்காரி.

"மணியடிச்சுக் கூப்பிட்டியேம்மா, என்ன ஆச்சு?"

அல்லிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. ஆனாலும் முதலில் நியாயம்தான் கேட்டாள். "எதுக்கு என்னைப் பார்த்து விரலைக் காட்டினீங்க?"

டோரீன் விழித்தாள். "வணக்கம் சொன்னேன், பின்னே? இந்த ரோட்டுல மனுஷ முகம் தெரியுறதே அபூர்வம். கையை ஆட்டலாம்னா வழியெல்லாம் குழி, ஸ்டீயரிங்கை விட முடியாது. ஒரு விரலைத்தான் எடுக்க முடியும். காலையிலேர்ந்து எத்தனை பேர் சொல்லியிருப்பாங்க! நீ யாருக்குமே திருப்பிச் சொல்லலையா?"

"மணி அடிச்சேன்" என்றாள் அல்லி, சின்னக் குரலில்.

டோரீன் வயிறு குலுங்கச் சிரித்தாள். காலிப் பாட்டில் கண்ணில் பட்டதும், வண்டியிலிருந்த தண்ணீர்க் கேனைச் சாய்த்து அதை நிரப்பினாள். அல்லி மூச்சு விடாமல் குடித்தாள். டோரீன் மறுபடியும் நிரப்பினாள். தனியாவா போற என்று கேட்பாள் என மணி பதிலோடு காத்திருந்தது. அவள் கேட்கவே இல்லை.

"அந்த மேட்டைத் தாண்டினா காத்து அடங்கிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

"இப்ப என்ன சொல்றீங்கக்கா?" என்றது கண்ணாடி.

"பெரியப்பா விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான்" என்றது மணி. "அதோட, நான் கத்தலேன்னா உங்களுக்குத் தண்ணி ஏது?"

"அது நிஜம்" என்றது பாட்டில், வாய் நிறைய.

மேட்டைத் தாண்டியதும் காற்று அடங்கியது. ஊர் தெரிந்தது. எதிரே ஒரு கோதுமை லாரி வந்தது. அல்லியின் கை பழக்கத்தில் மணிக்குப் போய், நின்றது. பிறகு ஹேண்டில்பாரிலிருந்து ஒரு விரல் மட்டும் எழும்பியது. லாரிக்காரர் சிரித்துக்கொண்டே தன் விரலை உயர்த்தினார்.

"பார்த்தீங்களா?" என்றது மணி. "நாமதான் முதல்ல!"