மடியாத தட்டு

பாளையங்கோட்டையில் வடிவுடையான் அண்ணாச்சியின் மெஸ் வாசலில் பெரிய போர்டு ஒன்று தொங்கியது: ‘இலையை மடிக்கும் வரை எவ்வளவும் சாப்பிடலாம்.’

காலையிலிருந்து வெறும் வயிற்றோடு கலவை சுமந்த சித்தாள் முத்துப்பேச்சி, அந்தப் போர்டை நம்பி வந்து உட்கார்ந்தாள். அவள் சேலையில் ஒட்டியிருந்த சிமெண்டைப் பார்த்து அண்ணாச்சி முகம் சுளித்தார்.

“இவளுக்கெல்லாம் எதுக்குல இலை? ஒரு தட்டுல போடு” என்றார் பரிமாறுகிறவரிடம்.

முத்துப்பேச்சி பதில் பேச வாயைத் திறக்கவில்லை. சாப்பிடத்தான் திறந்தாள். சொதி போனது, இஞ்சிப் பச்சடி போனது, சோற்றுவாளி அடுக்களைக்கும் அவளுக்குமாக நடையாய் நடந்தது.

அண்ணாச்சி ஓடி வந்தார். “ஏ பிள்ள, போதும், எந்திரி!”

“இலையை மடிக்கிற வரைன்னுல்லா போட்டிருக்கு, அண்ணாச்சி?” அவள் எவர்சில்வர் தட்டை இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தாள். “நானும் மடிக்கத்தான் பாக்கேன். மடிய மாட்டேங்குதே!”

பக்கத்து இலைக்காரருக்குப் புரையேறியது. மெஸ்ஸே சிரித்தது.

அண்ணாச்சி தன் கையாலேயே ஒரு தலைவாழை இலையைக் கொண்டுவந்து விரித்தார். “இந்தா தாயி, இதை மடிச்சிட்டுக் கிளம்பு.”

முத்துப்பேச்சி இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள்.

“வெறும் இலையை யாராவது மடிப்பாங்களா, அண்ணாச்சி? முதல்ல உப்பு வைக்கச் சொல்லுங்க.”