நானூறு பேருக்குப் பிடித்த பதில்

“சிஸ்டர், இதுல எதைத்தான் நம்புறது?”

பொன்னம்பலம் செல்போனை நீட்டினார்.

பன்னிரண்டு வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை. எட்டாம் மாதமே அவசரப்பட்டு வந்துவிட்டதால் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது. அவர் வராந்தா பெஞ்சில் கிடந்தார்.

ஜெர்லின் அந்தப் பச்சிளங்குழந்தைகள் வார்டின் நர்ஸ். அவரைவிடப் பதினேழு வயது இளையவள். ஆனாலும் இந்தப் பத்து நாளாக அவருக்குக் குரு அவள்தான்.

“ஒருத்தன் பிள்ளைக்கு மூக்குல எண்ணெய் விடுங்கிறான். இன்னொருத்தன் விடவே கூடாதுங்கிறான். ஒரு வீடியோவுல நாக்குல தேன் தொட்டு வைக்கச் சொல்றாங்க. அடுத்த வீடியோவுல அது விஷம்ங்கிறாங்க. ரெண்டையும் லட்சம் பேர் பாத்திருக்காங்க! தூக்கிவாரிப் போட்டுருச்சு எனக்கு. பிள்ளை பெத்தவன் எங்க போய்த்தான் படிக்கிறது?”

“கை கழுவிட்டீங்களா சார்?”

“கழுவிட்டேன்.”

“இன்னொரு தடவை கழுவிட்டு வாங்க. பிள்ளையை நெஞ்சுல போட்டுக்கலாம்.”

அன்றைக்கு அவருக்குக் கிடைத்த உபதேசம் அவ்வளவுதான்.

மனிதர் விடுவாரா? புதுசாகப் பிள்ளை பெற்றவர்களுக்கென்று இருந்த ஒரு குரூப்பில் முன்பே சேர்ந்திருந்தார். முப்பதாயிரம் பேர். இருபது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவருக்குக் கேள்வியைக் கண்டால் கை சும்மா இருக்காது. கேட்கப் போனவர் ஒரே வாரத்தில் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

மறுநாள் ஜெர்லினிடம் பெருமையாகச் சொன்னார்.

“ஒரே பதிலுக்கு நானூறு லைக் சிஸ்டர்.”

“அந்தப் பிள்ளையைப் பாத்தீங்களா?”

“குரூப்புல எப்படிம்மா பாக்க முடியும்?”

அவள் டிரிப்ஸ் பாட்டிலை மாற்றப் போய்விட்டாள்.

அதற்கடுத்த நாள் காலை அவளே அவரைக் கூப்பிட்டாள்.

“சார், ஒரு உதவி. இந்தப் பிள்ளையைப் பாருங்க.”

நீல விளக்கின் கீழே கண்ணைக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். ஆறு நாள் ஆன ஆண் குழந்தை. மஞ்சள் காமாலை உள்ளங்கால் வரை இறங்கியிருந்தது. ஜெர்லின் பாதத்தைச் சுண்டினாள். குழந்தை அழவில்லை.

பொன்னம்பலம் குனிந்து பார்த்தார்.

“பாலுக்குக் கூட முழிக்கல. இதோட அப்பா வெளிய உக்காந்திருக்காரு. ஏன் இவ்வளவு லேட்டா கொண்டு வந்தாருன்னு கேளுங்க.”

“நீங்க கேக்கலியா?”

“கேட்டுட்டேன். நீங்களும் கேளுங்க.”

வெளியே இருந்தவன் பெயர் இசக்கிராஜ். குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். இருபத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தான்.

பொன்னம்பலத்துக்கு வந்த கோபத்தில் பெயரைக் கூடக் கேட்டு முடிக்கவில்லை.

“என்னய்யா மனுஷன் நீ? பச்சப்பிள்ளை பாலுக்குக் கூட முழிக்காமக் கெடக்கு. உடனே தூக்கிட்டு ஓடிவர வேண்டாமா?”

இசக்கிராஜ் எழுந்து நின்றான்.

“முந்தாநாளே கெளம்பிட்டோம் சார். வண்டியில கூட ஏறிட்டோம். எதுக்கும் விசாரிச்சுக்கலாம்னு ஒரு இடத்துல கேட்டேன். வேண்டாம்னுட்டாங்க.”

“எவன் சொன்னது?”

அவன் போனைத் திறந்து காட்டினான்.

‘பிறந்த குழந்தை பதினாறு மணி நேரம் தூங்கும். பயம் வேண்டாம். காலை இளவெயிலில் காட்டுங்கள். மஞ்சள் தானே இறங்கிவிடும்.’

கீழே நானூறு லைக். எழுதியவர் பெயருக்கு முன்னால் சின்னதாக ஒரு படம். ஒரு பிஞ்சுப் பாதம்.

கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பொன்னம்பலம் தன் கையாலேயே எடுத்த, தன் பிள்ளையின் படம்.

சுவரைப் பிடித்துக்கொண்டார். படியிறங்கிப் போய்விடலாம் என்று திரும்பினார்.

“பெரிய டாக்டரா இருப்பாரு போல சார்,” என்றான் இசக்கிராஜ். “எல்லாருக்கும் எவ்வளவு பொறுமையா பதில் சொல்றாரு! அவரைக் குத்தம் சொல்ல முடியாது. நான்தான் சரியாச் சொல்லியிருக்க மாட்டேன். பாலு குடிக்கலைங்கிறதை எழுதாம விட்டுட்டேன்.”

பொன்னம்பலம் அந்தப் பதிலை மறுபடி படித்தார்.

“இங்க டாக்டருங்க ஒண்ணும் உறுதியாச் சொல்ல மாட்டேங்கிறாங்க. அதான் திரும்பவும் அவர்கிட்டயே கேக்கலாம்னு எழுதி வச்சிருக்கேன்.”

“என்னன்னு?”

“எம்பிள்ளை பொழைச்சுக்குமான்னு.”

சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் அமுக்கினான்.

பொன்னம்பலத்தின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

வார்டு வாசலில் ஜெர்லின் நின்றிருந்தாள்.

“பதில் சொல்லுங்க சார்,” என்றாள்.