உப்புப் போட்டாயிற்றா?

"சாமி, எனக்கு உத்தரவு கொடுக்கணும். நான் போறேன்."

சாமி தோட்டத்தில் எலுமிச்சை பறித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்க போறீங்க அண்ணே?"

ஒரு மடத்தின் குரு, மடப்பள்ளியில் சமைக்கிற சீடரை அண்ணே என்று கூப்பிடுவது வெளியாட்களுக்கு வேடிக்கையாக இருக்கும். சமைக்கிற தில்லைநாயகம், சாமியைவிட வயதில் மூத்தவர். இருவரும் ஒரே பெரியவரிடம் தீட்சை வாங்கியவர்கள். தில்லைநாயகம் சமையல் பழகிய காலத்தில் சாமி அதே மடப்பள்ளியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் கண்மூடும்போது, பாத்திரம் தேய்த்தவரைக் கூப்பிட்டு குருபீடத்தில் உட்காரச் சொல்லிவிட்டார்.

அதில் தில்லைநாயகத்துக்கு வருத்தம் இருந்ததா என்றால், இருந்தது. அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டே சாமி அதைக் கரைத்துவிட்டார்.

"எங்கயாவது. காசிப் பக்கம். அங்க நான் உப்புப் போட்டேனா இல்லையான்னு யாரும் கேக்க மாட்டாங்க."

விஷயம் இதுதான். தில்லைநாயகம் அண்டாவில் உப்பைப் போடுவார். வெளியே யாரோ விறகு வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், கை உப்புச் சாடியில் இருக்கும். போடுவதற்காக உள்ளே போன கையா, போட்டுவிட்டு மூடியைத் தேடுகிற கையா? அது கைக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

வேறு அடுப்பங்கரை என்றால் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிடலாம். மடப்பள்ளியில் அது நடக்காது. ஈசனுக்குப் படைப்பதற்கு முன் மனிதன் வாயில் வைக்கக் கூடாது. மோந்து பார்ப்பதும் தப்பு. அதற்காகவே சமைக்கிறவர் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்வார். ஆக, உப்பைப் பற்றிச் சொல்ல அந்த அறையில் இருப்பது ஒரே ஒரு சாட்சி, சமைக்கிறவரின் ஞாபகம். அந்தச் சாட்சி இப்போது பல்டி அடித்துவிட்டது.

போன வாரம் பொங்கலில் உப்பே இல்லை. ஈசன் ஒன்றும் சொல்லவில்லை. நேற்றுப் பிரதோஷத்துப் புளியோதரையில் இரண்டு தரம் விழுந்துவிட்டது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நேற்று வந்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்துக் குடித்துத் தில்லைநாயகத்தை நினைத்தார்கள்.

"டாக்டர்கிட்டப் போனீங்களே?"

போயிருந்தார். பழைய ஞாபகம் கெட்டியாக இருக்கிறது, இப்போது நடப்பதுதான் தங்கமாட்டேன் என்கிறது என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். மாத்திரையை விழுங்கினோமா என்பதும் மறந்துபோகிறது.

தில்லைநாயகத்தின் குரல் இறங்கியது.

"பயமா இருக்கு சாமி. இன்னிக்கு உப்பு. நாளைக்கு அடுப்பை அணைக்க மறப்பேன். இந்த அடுப்பை விட்டா எனக்கு என்ன இருக்கு? யாராவது வந்து போகச் சொல்றதுக்கு முன்னால நானே போயிடறேன்."

"கையை நீட்டுங்க."

நீட்டினார்.

சாமி ஓர் எலுமிச்சையை அதில் வைத்தார். இன்னொன்று வைத்தார். மேலும் ஒன்று. தில்லைநாயகம் விரல்களை விரித்துச் சமாளித்தார். அடுத்ததை வைத்ததும் ஒன்று உருண்டு செடிக்குள் போய்விட்டது.

"கைமேல கோபமா?"

"கை என்ன பண்ணும்? அவ்வளவுதான் பிடிக்கும்."

"எல்லாருக்கும் அவ்வளவுதான் அண்ணே. புதுசு வந்தா பழசு விழும். உங்க கை இப்பக் கொஞ்சம் சிறுத்துப்போச்சு."

"அதைத்தான் சாமி நானும் சொல்றேன்."

சாமி அந்தக் கையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து மதில்மேல் வைத்தார்.

"இது விழுமா?"

"அது ஏன் விழும்? வச்சாச்சே."

சாமி கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மடப்பள்ளிக்கு நடந்தார். தில்லைநாயகம் பின்னாலேயே போனார். உச்சிக்காலப் பூசைக்கான அண்டாக்கள் அடுப்பில் ஏற்றுவதற்குத் தயாராக வரிசையாக இருந்தன. வழக்கம்போல ஒவ்வொன்றின் கழுத்திலும் அவர் விடிந்ததுமே விபூதிப் பட்டை போட்டு வைத்திருந்தார்.

சாமி ஓர் அண்டாவின் விபூதியை விரலால் தொட்டார். உதிர்ந்துவிட்டது.

"குழந்தைவேல் ஐயா பூசின விபூதியைத் தேங்காய் நார் போட்டுத் தேய்ப்பேன். என் தோல் உரியும், அது போகாது. நீங்க பூசினது தொட்டாலே போகுது. ஏன் அண்ணே?"

குழந்தைவேல் ஐயா தில்லைநாயகத்துக்கு முன்னால் அங்கே சமைத்தவர். இவருக்குக் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்.

"அது எதுக்கு சாமி இப்ப?"

"சொல்லிட்டுப் போங்க. உத்தரவு தரேன்."

சாமி போய்விட்டார்.

தில்லைநாயகத்துக்கு ஆத்திரம் வந்தது. வாழ்க்கையே கைநழுவுகிறது என்று ஒருவன் வந்து நின்றால், இவருக்குப் பாத்திரம் தேய்த்த கதை. ஆனாலும் கேள்வி உள்ளே புகுந்துகொண்டது. அடுப்பை மூட்டி அண்டாவை ஏற்றிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தார்.

பழைய ஞாபகத்துக்குத்தான் ஒரு குறையும் இல்லையே. குழந்தைவேல் ஐயா கண்முன்னால் வந்து நின்றார், தொப்பைமேல் கட்டிய ஈரத்துண்டோடு. கொதிக்கிற அண்டாவின் கழுத்தில் அவர் விபூதி பூசுவார். ஒவ்வொரு தரமும் விரல் சுட்டு, துணிக்குள் ஸ்ஸ் என்பார். என்ன பக்தி, வேண்டுமென்றே சுட்டுக்கொள்கிறாரே என்று தில்லைநாயகம் அன்றைக்கு வியந்திருக்கிறார். ஐயாவுக்குப் பிறகு கரண்டி கைக்கு வந்ததும், நமக்கு அவ்வளவு பக்தி தாங்காது என்று விபூதியைக் காலை வேளைக்கு மாற்றிவிட்டார். பாத்திரம் ஆறியிருக்கும், விரலும் பிழைக்கும்.

சரி, சூட்டில் பூசினார், அதனால் ஒட்டியது. ஆனால் காய்ந்த விபூதி சூட்டிலும் உதிரத்தானே செய்யும்?

ஈரம். ஐயாவின் கை ஈரமாக இருந்தது.

எதற்கு ஈரம்?

பக்கத்துச் செம்பில் கையைக் கழுவிவிட்டுத்தான் பூசுவார். கழுவாமல் பூசியதே இல்லை.

கையில் என்ன ஒட்டியிருந்தது, கழுவ?

தில்லைநாயகம் எழுந்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். ஐயா சாடியைத் திறக்கிறார், அள்ளிப் போடுகிறார், மூடுகிறார். கை செம்புக்குப் போகிறது. அங்கிருந்து விபூதிக்குப் போகிறது. பிறகு யார் கூப்பிட்டாலும் என்ன என்று கேட்டுத் திரும்புகிறார். திரும்பி வந்ததும் அண்டாவின் கழுத்தில் பட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார்.

"ஐயாவுக்கும் மறந்திருக்கு," என்றார் தில்லைநாயகம், அடுப்பைப் பார்த்து.

ஐயாவின் கைப்பக்குவத்தில் ஒரு நாளும் உப்புப் பிசகியதில்லை. அந்த நினைப்பில் தில்லைநாயகத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாக அடுப்பு பக்கத்திலேயே இருந்தது.

அண்டாவின் கழுத்தில் மிச்சமிருந்த காலை விபூதியைத் துண்டால் துடைத்தார். முகத்துணியை இறுக்கிக் கட்டினார்.

பூசை முடிந்து, சாமி இலையில் உட்கார்ந்து பொங்கலை ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அது உப்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

தில்லைநாயகம் நெய்க் கிண்ணத்தோடு குனிந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம். அந்த விபூதி எதுக்குன்னே ஒரு நாள் எனக்கு மறந்துட்டா?"

"எனக்குத்தான் தெரியுமே அண்ணே. நான் வந்து சொல்றேன்."

"நீங்களும் மறந்துட்டா?"

"அதுக்குள்ள ரெண்டு பேர்கிட்டச் சொல்லி வைப்போம். நெய் ஊத்துங்க."

ஊற்றினார். அந்த வலது கை விரல்கள் சிவந்திருப்பதை சாமி பார்த்தார்.

"காலையில உத்தரவு கேட்டீங்களே. எங்கயோ போகணும்னு."

தில்லைநாயகம் சுட்ட விரல்களை ஊதிக்கொண்டார்.

"கேட்டேனா சாமி? ஞாபகம் இல்லையே."