போட்டோவில் நின்ற பிக்கப் வண்டி

கொழிஞ்சிப்பாளையத்தில் மூன்று அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். மூத்தவர் நாச்சிமுத்து, நடுவில் குப்பண்ணன், கடைசி சென்னியப்பன். சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்கிறவர்கள் என்று ஊருக்குள் பெயர். அதனாலேயே யாரும் அவர்களிடம் எதையும் சொல்வதில்லை.

சென்னியப்பனுக்கு வயது முப்பத்தேழு. பதினோரு இடத்தில் பெண் பார்த்து, பதினோரு இடத்திலும் காப்பியோடு சரி. பன்னிரண்டாவதாகத் துளசிமணி சம்மதம் என்றாள். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், அவள் மனசு. அன்றிலிருந்து பையனுக்குச் சோறு இறங்கவில்லை. இவளை விட்டால் இந்த ஜென்மத்தில் கல்யாணம் கிடையாது என்று அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

பெண்ணின் அப்பா கருப்பணன், பஸ் கம்பெனியில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர் மாப்பிள்ளையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த தாத்தா காலத்துப் பிக்கப் வண்டியையும், சுவரில் தொங்கிய அதன் போட்டோவையும்தான் மாறி மாறிப் பார்த்தார். கறுப்பு வெள்ளைப் போட்டோ. வண்டியின் இடப்பக்கம் தெரிய, பானட் மேல் கை ஊன்றித் தாத்தா நிற்கிறார். அந்த வீட்டில் தாத்தாவை ‘அப்பாரு’ என்பார்கள்.

“இந்த மாதிரி வண்டியைத் துருப்பிடிக்க விட்டவங்க, என்ற புள்ளையை எப்படி வெச்சுக் காப்பாத்துவீங்க?” என்றார் கருப்பணன். “ஒரு மாசம் டைம் தர்றனுங்க. போட்டோவுல வண்டி எப்படி இருக்குதோ, அப்படியே கொண்டாந்து என்ற வாசல்ல நிறுத்துங்க. அன்னைக்கே நிச்சயம். இல்லீன்னா வேற எடம் பாத்துக்குங்க.”

மெக்கானிக் பஷீர் பாயைக் கூப்பிட்டார்கள். நல்ல மனுஷன். கொட்டகையிலேயே பாய் விரித்துப் படுத்து, பத்தே நாளில் இஞ்சினை உறும வைத்துவிட்டார். சென்னியப்பன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாச்சிமுத்துவுக்கு மட்டும் முகம் இருண்டது.

“பாய், போட்டோவுல வண்டி ஓடுதுங்களா?”

“போட்டோவுல எப்படிங்க ஓடும்? நிக்குது.”

“அப்ப இது ஏன் ஓடுது?”

குப்பண்ணன் பூதக்கண்ணாடியை எடுத்துப் போட்டோவை ஓரம் விடாமல் ஆராய்ந்தார். இஞ்சின் எங்கேயும் தென்படவில்லை.

“அது பானட்டுக்கு உள்ள இருக்குமுங்க” என்றார் பாய்.

“நீங்க பார்த்தீங்களா?”

“நான் எங்கீங்க பார்த்தேன்? நான் அப்பப் பொறக்கவே இல்லையே.”

“பொறக்காதவர் பேச்சைக் கேட்டு ஒரு புள்ளையோட வாழ்க்கையில விளையாட முடியுங்களா?” என்றார் நாச்சிமுத்து. அன்று சாயங்காலமே இஞ்சின் இறங்கியது. பாய் தலையில் அடித்துக்கொண்டு, தன் ஸ்பேனர்களை எண்ணி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்தது பெயிண்ட். கதவு இடுக்கில் சுரண்டினால் கிளிப்பச்சை தெரிந்தது. பெயிண்டர் பச்சை டப்பாவைத் திறந்ததும் குப்பண்ணன் போட்டோவை நீட்டினார். வண்டி முழுக்கச் சாம்பல் நிறம் பூசப்பட்டது. போட்டோவில் பூஞ்சை பிடித்து மூன்று வெள்ளைப் புள்ளிகள் விழுந்திருந்தன. அவையும் கதவில் ஏறின. என்றைக்கோ யாரோ டீ தம்ளரை வைத்த வட்டம் ஒன்று பின்சக்கரத்தின் மேல் இருந்தது. அதற்கு மட்டும் தனியாகப் பழுப்பு வாங்கி, தம்ளரைக் கவிழ்த்து அளவெடுத்து வரைந்தார்கள். வேலை சுத்தமாக இருந்தது என்பதை நானே ஒத்துக்கொள்கிறேன்.

சிக்கல் வலப்பக்கத்தில் வந்தது. போட்டோவில் வலப்பக்கமே இல்லை.

“இருந்திருக்குமுண்ணா. ஒரு பக்கத்தை மட்டும் வெச்சுட்டு யாராச்சும் வண்டி ஓட்டுவாங்களா?” என்றான் சென்னியப்பன்.

“அப்பாரு ஓட்டுனதை நீ பார்த்தியா?” என்று கேட்டார் நாச்சிமுத்து. “இருந்திருக்கும்னு நம்மளா ஒண்ணைச் சேர்த்தா அது பொய். பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாமா?”

சென்னியப்பன் யோசித்தான். துளசிமணியிடம் பொய் சொல்ல அவனுக்கு மனசில்லை. தானே உட்கார்ந்து வலப்பக்கத்துக் கதவைக் கழற்றினான், இரண்டு சக்கரத்தையும் கழற்றினான். வண்டி சாய்ந்தது. போட்டோவில் சாயவில்லை என்பதால் அந்தப் பக்கம் கல்லை அடுக்கி நிமிர்த்தினார்கள். பெயிண்டர் கூலியைக்கூட வாங்காமல் ஓடிவிட்டார்.

நாள் வந்தது. இருபது ஆள் தூக்கி, டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி, கருப்பணன் வாசலில் இறக்கினார்கள். கல்லும் கூடவே வந்தது. சொந்தபந்தம் எல்லாம் கூடிவிட்டது. வாசல்படியில் பட்டுச்சேலையோடு நின்ற துளசிமணி அவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். பாவம், அவளும் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை.

கருப்பணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குப்பண்ணன் நீட்டிய போட்டோவைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். இடப்பக்கமாக நின்று சக்கரத்தைச் சரிபார்த்தார். பூஞ்சைப் புள்ளியை எண்ணினார். டீ வட்டத்தின் மேல் விரலை ஓட்டினார். வலப்பக்கம் போகவே இல்லை. எதற்குப் போகவேண்டும், போட்டோவில் இல்லையே.

“முப்பத்தஞ்சு வருசம் பிட்டரா இருந்தேன். இப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லீங்க” என்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. “நிச்சயம் பண்ணிக்கலாம். அம்மிணி, வந்து வண்டியில உக்காரு. ஸ்டூடியோக்காரர் ஒரு படம் எடுக்கட்டும்.”

துளசிமணி காலைத் தூக்கி வைக்கப் போனாள். நாச்சிமுத்து இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றார்.

“மன்னிக்கோணுமுங்க. போட்டோவுல பொம்பளையே இல்லீங்க.”

கருப்பணன் போட்டோவைத் திரும்பவும் பார்த்தார். உண்மைதான். தாத்தா மட்டுமே நிற்கிறார். தான் சொன்ன சொல்லைத் தானே மீறுவதா என்று அவருக்கு வேர்த்துவிட்டது.

“அப்பா, நான் உக்காரலீங்க. நிச்சயத்தைப் பண்ணுங்க” என்றாள் துளசிமணி. அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான் உருப்படியாகப் பேசினாள். அதனால் யாரும் காதில் வாங்கவில்லை.

“வண்டியை மாத்துனாத்தானுங்க தப்பு?” என்றார் கருப்பணன். “போட்டோவுல என்ற புள்ளையைச் சேர்த்துட்டா?”

எல்லோரும் கை தட்டினார்கள். ஸ்டூடியோக்காரர் போட்டோவை வாங்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார். கம்ப்யூட்டரில் துளசிமணியைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஒட்டுவதற்கு இடம் தேடினார். தாத்தாவுக்கும் பானட்டுக்கும் நடுவில்தான் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே ஒட்டினார். பானட் மேல் ஊன்றியிருந்த தாத்தாவின் கை அம்சமாக அவள் தோளில் விழுந்தது. அரை மணி நேரத்தில் பிரேம் போட்டே கொண்டுவந்துவிட்டார்.

குப்பண்ணன் அதை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“அண்ணா, நம்ம அப்பத்தாளுக்குப் போட்டோவே கிடையாதுன்னு அம்மா சொல்லிச் சொல்லி அழுகுமே. இங்க பாரு, அப்பாரு பக்கத்துல நிக்கறாங்க. தோள்ல கை வேற போட்டிருக்காரு.”

நாச்சிமுத்து போட்டோவைப் பார்த்தார். நிமிர்ந்து துளசிமணியைப் பார்த்தார். அதே மூக்கு, அதே கம்மல், அதே சேலை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தார். குப்பண்ணனும் பக்கத்தில் விழுந்தார். துளசிமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சென்னியப்பனைப் பார்த்தாள்.

சென்னியப்பனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மெதுவாக நடந்து வந்து, அண்ணன்கள் இருவருக்கும் நடுவில் இடம் பண்ணிக்கொண்டு விழுந்தான்.

“அப்பத்தா, எனக்கு முப்பத்தேழு வயசாயிருச்சு. நீங்களாச்சும் ஒரு நல்ல பொண்ணாப் பார்த்துக் கட்டி வையுங்க” என்றான்.